பகிர்ந்த கோப்பு யாருக்குச் சொந்தம்?

கேள்வி: எங்கள் கணக்கர் வேலையை விட்டு நின்றுவிட்டார். கூகுள் டிரைவில் அவர் பகிர்ந்திருந்த ஜிஎஸ்டி ஷீட்டுகள் எதுவும் இப்போது காணோம். எங்களுக்கு எடிட்டர் அனுமதி இருந்ததே?
- வாசகி, ஈரோடு

பதில்: எடிட்டர் என்றால் எழுதலாம், திருத்தலாம், அவ்வளவுதான். கோப்பு அதை உருவாக்கியவரின் கணக்குக்கே சொந்தம். உங்கள் ஃபோல்டருக்குள் அவர் போட்டிருந்தாலும் அப்படியே. அவர் கணக்கை நீக்கினால் கோப்பும் கூடவே போகும்.

முதலில் பழைய லிங்க்கைத் திறந்து பாருங்கள். அவர் ‘டிராஷ்’ஷில் தள்ளியதோடு விட்டிருந்தால் 30 நாள் வரை திறக்கும். திறந்தால் உடனே ‘மேக் எ காப்பி’ கொடுங்கள்; காப்பி உங்கள் பெயரில் இருக்கும். திருத்த வரலாறு வராது. கமென்ட்டுகள் வேண்டுமானால் அங்குள்ள கட்டத்தில் டிக் போட வேண்டும்.

திறக்கவில்லையா? நிறுவனத்தின் வொர்க்ஸ்பேஸ் (நிறுவனங்களுக்கான கூகுள் சேவை) கணக்காக இருந்தால், நீக்கி 20 நாளுக்குள் அதை நிர்வகிக்கும் அட்மின் கணக்கை மீட்கலாம். அவரது சொந்த ஜிமெயில் என்றால் அவரேதான் அக்கவுன்ட் ரிக்கவரி பக்கத்தில் முயல வேண்டும். இன்றைக்கே போன் போடுங்கள். நாள் தள்ளத் தள்ள வாய்ப்பு குறையும்.

இனி யார் விலகினாலும், கடைசி நாளுக்கு முன்பே அவர் ‘ஷேர்’ பெட்டியில் உங்கள் பெயருக்கு எதிரே ‘டிரான்ஸ்ஃபர் ஓனர்ஷிப்’ கொடுக்கட்டும். ஜிமெயில் கணக்குகளில் உங்களுக்கு மெயில் வரும். நீங்கள் ஏற்றுக்கொண்டால்தான் உரிமை மாறும். ஃபோல்டருக்கு மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் நிறைய. உள்ளே இருக்கும் கோப்புகள் பழைய பெயரிலேயே கிடக்கும், அவற்றையும் தனியாக மாற்ற வேண்டும். வொர்க்ஸ்பேஸில் ‘ஷேர்டு டிரைவ்’ வசதி இருந்தால் இந்த அலைச்சலே இல்லை. அங்கே போடுவது நிறுவனத்துக்குச் சொந்தம்.

கேள்வி: விற்பனைக் கணக்கு ஷீட்டின் லிங்க்கை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோம். அதில் ‘ஹைட்’ செய்து வைத்திருந்த சம்பளப் பட்டியல் வெளியே போய்விட்டது. எப்படி?
- வாசகர், மதுரை

பதில்: ‘ஹைட்’ என்பது பூட்டு இல்லை. வெறும் வியூவர்கூட ஒரு காப்பி எடுத்துக்கொண்டு, மறைத்த தாளை அதில் விரித்துவிடலாம். சம்பளத்தைத் தனிக் கோப்பாக்குங்கள்.

‘எனிஒன் வித் த லிங்க்’ என்றிருந்தால் லாகின் இல்லாமலே யாரும் திறக்கலாம். அதை ‘ரெஸ்ட்ரிக்டட்’ ஆக்கி, வேண்டியவர்களை மெயில் முகவரியால் சேருங்கள். ஃபோல்டரின் அனுமதி உள்ளே இருக்கும் கோப்புக்கும் இறங்கும் என்பதால் ஃபோல்டரையும் பாருங்கள். ‘ஷேர்’ பெட்டியின் பற்சக்கரத்தில், எடிட்டர்கள் மற்றவர்களைச் சேர்க்கும் உரிமையையும் வியூவர்கள் டவுன்லோடு செய்யும் வசதியையும் எடுத்துவிடலாம். ஏற்கெனவே எடுத்துப்போன காப்பியை எதுவும் செய்ய முடியாது.

கேள்வி: பாமினியில் அடித்த வேர்ட் கோப்பு, டிரைவில் திறந்தால் ஆங்கில எழுத்தாகத் தெரிகிறதே?
- வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: கோப்பு கெடவில்லை. பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்திருக்கும் எழுத்துரு. கூகுள் டாக்ஸில் அது இல்லாததால் ‘தமிழ்’ என்ற சொல் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று நிற்கிறது. எங்கே திறந்தாலும் தமிழாகவே தெரியும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடுக்கு மாற்றிப் பகிருங்கள். இடையில் உண்மையான ஆங்கிலச் சொற்கள் இருந்தால் அவற்றை விட்டுவிட்டு மாற்றுங்கள், இல்லாவிட்டால் அவையும் பொருளற்ற தமிழாகிவிடும். படிக்க மட்டும் அனுப்புவதென்றால், எழுத்துருவை உட்பொதித்த பிடிஎஃப் போதும்.