வேலை கேட்கும் நாய்க்கு வீடு தேடுகிறேன்: கேள்வி பதில்

மீட்கப்பட்ட மேய்ப்பு நாய்களையும் காவல் நாய்களையும் வீட்டில் வைத்துப் பழக்கி, பொருத்தமான இடத்தில் சேர்ப்பதைப் பல வருடங்களாகச் செய்துவருகிறேன். இப்போது என்னிடம் இருப்பவள் சிட்டு. பார்டர் கோலி கலப்பு, இரண்டு வயது. இரண்டு வீடுகள் அவளைத் திருப்பிக் கொடுத்துவிட்டன. “ஓடியாடும் வீடு தேவை” என்று நான் போட்ட அறிவிப்பைப் பார்த்து நிறையப் பேர் கேள்வி அனுப்பியிருக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் ஒன்றாக உட்கார்ந்து பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எங்களுக்கு அரை ஏக்கரில் வேலி போட்ட தோட்டம் இருக்கிறது. பகலெல்லாம் அவிழ்த்து விட்டுவிடுவோம். அவளுக்கு அது போதும்தானே?

பதில்: போதாது. அவள் இருந்த முதல் வீட்டிலும் பெரிய தோட்டம் இருந்தது. திரும்பி வந்தபோது முன்னங்கால் நகங்கள் சதைவரை தேய்ந்திருந்தன. வேலியோரமாகவே ஓடி, வெளியே போகிற ஒவ்வொரு வண்டியையும் துரத்தியிருக்கிறாள். அவள் ஓடிய தடத்தில் புல்லே இல்லை என்று அவர்களே சொன்னார்கள்.

தோட்டத்தில் விட்டால் நாய் தானாக உடற்பயிற்சி செய்துகொள்ளும் என்று நினைக்கிறோம். ஒன்றிரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுக் கதவருகே வந்து படுத்துக்கொள்ளும். வேலை நாயாக இருந்தால் தனக்கென்று ஒரு வேலையைத் தேடிக்கொள்ளும். குழி தோண்டுவது, அணிலுக்குக் காவல் இருப்பது, வண்டி துரத்துவது எல்லாம் அப்படி வந்தவைதான். ஒரு மாதம் பழகிவிட்டால் அதை மறக்கவைக்க ஆறு மாதம் ஆகும்.

பார்டர் கோலி, இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் இடைப்பட்ட எல்லைப் பகுதியில் உருவான நாய். 1893இல் பிறந்த ஓல்ட் ஹெம்ப் என்ற நாயைத்தான் இந்த இனத்தின் மூதாதையாகச் சொல்வார்கள். அது குரைத்து மிரட்டாமல், அமைதியாக, பார்வையாலேயே ஆடுகளை நகர்த்தியதாம். அந்தக் குணத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் பெருக்கினார்கள். கால் வேகம் அதில் ஒரு பகுதிதான். எங்கோ தூரத்தில் நிற்கும் மேய்ப்பரின் விசிலுக்குக் காது கொடுத்து, ஓடுகிற ஓட்டத்திலேயே நின்று, திரும்பி, படுத்து, மறுபடி எழ வேண்டும். அந்த வேலையில் பாதி மனிதர்தான். மனிதர் இல்லாத அரை ஏக்கரில் அவளுக்கு என்ன இருக்கிறது? காலையில் யார் அவளோடு வெளியே போவார், எத்தனை மணிக்கு, மழை நாளிலும் போவாரா என்பதை எழுதி அனுப்புங்கள். தோட்டத்தைப் பற்றி அப்புறம் பேசலாம்.

கேள்வி: அக்கா, நான் மூன்றாவது மாடியில் ஒற்றைப் படுக்கையறை ஃப்ளாட்டில் இருக்கிறேன். கேட்கவே தயக்கமாக இருக்கிறது.

பதில்: தயங்கவே வேண்டாம். நான் சேர்த்துவிட்ட நாய்களில் மிக நன்றாக இருக்கிற ஒன்று, ஒரு மாலினாய் (பெல்ஜிய மேய்ப்பு நாய்) கலப்பு, இப்படிப்பட்ட வீட்டில்தான் இருக்கிறது. அந்தப் பெண் வேலைக்குப் போகுமுன் ஒரு மணி நேரம் நீளக் கயிற்றில் அதை மோப்பம் பிடிக்கவிட்டு நடக்கிறார். மாலையில் வாசனை தேடும் பயிற்சி. நடுவே நாய் தூங்குகிறது. உங்கள் வேலை நேரம், பகலில் அவள் எவ்வளவு நேரம் தனியாக இருப்பாள், இரண்டையும் எழுதுங்கள்.

கேள்வி: ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் அவளுக்கு ஒதுக்க வேண்டும்?

பதில்: மொத்தம் இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஓட்டம் இல்லை. காலையில் முக்கால் மணி நேரம் நடை. அதில் அவள் மூக்கு போகிற பக்கம் நீங்கள் போக வேண்டும். சாயங்காலமும் அதேபோல. மிச்ச நேரத்தைப் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்துப் பயிற்சி கொடுங்கள்: கூப்பிட்டால் வருவது, விட்டுவிடு என்றால் விடுவது, ஒளித்துவைத்த பொருளைத் தேடி எடுப்பது. அவள் உணவில் பாதியைத் தட்டில் வைக்காமல் வீட்டில் ஆங்காங்கே ஒளித்து வையுங்கள்.

சேஸர் என்ற பார்டர் கோலி 1,022 பொம்மைகளின் பெயர்களைத் தெரிந்துவைத்திருந்தது. அதற்குப் பின்னால் ஜான் பில்லி என்ற ஓய்வுபெற்ற உளவியல் பேராசிரியர் மூன்று வருடம் தினமும் பல மணி நேரம் தரையில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். ஆயிரம் பெயர் வேண்டாம், பத்துப் பொருளுக்குப் பெயர் கற்றுக்கொடுங்கள். கால் மணி நேரத்தில் அவள் எப்படிக் களைத்துப்போகிறாள் என்று பாருங்கள்.

கேள்வி: எங்கள் பழைய நாய் லேசர் விளக்கின் சிவப்புப் புள்ளியைத் துரத்தி நன்றாகக் களைத்துவிடும். சிட்டுவுக்கும் அதையே செய்யலாமா?

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். அந்தப் புள்ளியை நாயால் பிடிக்கவே முடியாது. பிடிக்க முடியாததைத் துரத்தித் துரத்தி, கடைசியில் சுவரில் விழும் எந்த ஒளியையும் நிழலையும் விட முடியாத நிலைக்குச் சில நாய்கள் போய்விடுகின்றன. மேய்ப்பு நாய்களுக்கு இது சீக்கிரம் வருகிறது.

சிட்டு என்னிடம் வந்த முதல் வாரம் மேசை மேல் ஒரு தண்ணீர் டம்ளர் இருந்தது. வெயில் அதில் பட்டுச் சுவரில் ஒரு சின்ன வெளிச்சம் ஆடிக்கொண்டிருந்தது. அவள் தாடையைத் தரையில் வைத்து, ஒரு முன்னங்காலைத் தூக்கியபடி அதையே பார்த்தாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், காதுகூட அசையவில்லை. தின்பண்டத்தை மூக்கருகே நீட்டினேன், முகரவில்லை. நாற்பது நிமிடம். டம்ளரை எடுத்த பிறகும் சுவரைவிட்டுக் கண் எடுக்கவில்லை. இரண்டாவது வீட்டில் லேசர் வைத்துத்தான் அவளைக் களைக்கவைத்திருக்கிறார்கள். இப்போது பெரும்பாலும் சரியாகிவிட்டது. ஆனால் லேசர் இருக்கிற வீட்டுக்கு அவளைத் தரமாட்டேன்.

கேள்வி: குட்டி போட வைக்க முடியுமா?

பதில்: முடியாது. கருத்தடை ஆகிவிட்டது.

கேள்வி: மூன்று வயதிலும் ஐந்து வயதிலும் குழந்தைகள் இருக்கிறார்கள். நன்றாக ஓடி விளையாடுவார்கள். துணையாக இருக்குமே?

பதில்: அந்த ஓட்டம்தான் சிக்கல். ஓநாயின் வேட்டையைப் படிப்படியாகப் பிரித்தால் பார்ப்பது, பதுங்கி நெருங்குவது, துரத்துவது, கவ்வுவது, கொல்வது என்று போகும். மேய்ப்பு நாய்களில் முதல் மூன்றை வளர்த்து, கடைசி இரண்டை அடக்கியிருக்கிறார்கள். அடக்கினார்களே தவிர அழிக்கவில்லை. கத்திக்கொண்டு ஓடும் குழந்தை அவளுக்கு மந்தையிலிருந்து விலகிய ஆடுபோல. முன்னால் போய் மறிப்பாள், நிற்காவிட்டால் குதிகாலைக் கவ்வுவாள். அவள் பார்வையில் அது வேலை, குழந்தைக்கு அது நாய்க்கடி. பழி நாய் மேல்தான் விழும், மூன்றாவது தடவையாகத் திரும்பி வருவாள். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் இருந்தால் சந்தோஷமாகப் பேசலாம்.

கேள்வி: எங்கள் தோட்டம் ஒரு ஏக்கர்.

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: நான் மாரத்தான் ஓடுபவன். தினமும் பதினைந்து கிலோமீட்டர் ஓடுகிறேன். களைத்த நாய்தான் நல்ல நாய். என்னைவிடப் பொருத்தமான வீடு கிடைக்குமா?

பதில்: உங்கள் ஆர்வம் பிடித்திருக்கிறது. ஆனால் களைக்கவைத்தே ஒரு வேலை நாயைச் சமாளிக்க முடியாது. இன்று பதினைந்தில் களைப்பாள். மூன்று மாதத்தில் அவள் உடம்பு அதற்குப் பழகிவிடும், அப்புறம் இருபது கேட்கும். நீங்கள் காலில் அடிபட்டு இரண்டு வாரம் படுத்தால் பதினைந்து கிலோமீட்டர் நாய் ஒன்று உங்கள் வரவேற்பறையில் இருக்கும். சும்மா இருப்பதையும் அவளுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

அவரே மறுபடி: ஒத்துக்கொள்ள மாட்டேன். 1925இல் அலாஸ்காவில் நாய்கள் பனிவண்டி இழுத்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடி நோம் நகரத்துக்கு டிப்தீரியா மருந்து கொண்டுபோயின. நாயின் உடம்பு ஓடுவதற்காகவே ஆனது.

பதில்: நல்ல உதாரணம்தான், ஆனால் அது தொடர் ஓட்டம். சுமார் 1,085 கிலோமீட்டரை இருபது ஓட்டுநர்களும் ஏறக்குறைய நூற்றைம்பது நாய்களும் பங்குபோட்டுக்கொண்டார்கள். டோகோ என்ற நாயின் தலைமையில் போன அணிதான் மிக நீண்ட பங்கை ஓடியது. அதுவும் உறைபனியில். வெயிலில் நாய்க்கு நம்மைப்போல வியர்த்துக் கொட்டாது, மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்க வேண்டும். பார்டர் கோலி முடியவில்லை என்று காட்டவே காட்டாது. நாக்கு தொங்கி, கால் பின்னும்வரை உங்கள் பக்கத்திலேயே ஓடிவரும்.

இடையில் ஆடு வளர்ப்பவர் ஒருவர்: நானும் சொல்கிறேன். என் நாய்கள் காலையிலிருந்து சாயங்காலம்வரை பட்டியிலும் மேய்ச்சலிலும் இருக்கின்றன. ஒன்றுக்கும் பைத்தியம் பிடிக்கவில்லை. நீங்கள்தான் பூதாகரமாக்குகிறீர்கள்.

பதில்: உங்கள் நாய்கள் நாள் முழுக்க ஓடுகின்றனவா? ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். ஆடு மேயும்போது அவை படுத்திருக்கும். நீங்கள் விசில் அடித்தால் எழுந்து பத்து நிமிடம் பம்பரமாகச் சுற்றிவிட்டு மறுபடி படுக்கும். அந்தப் படுக்கையும் வேலையில் சேர்ந்ததுதான். அதைத்தான் மாரத்தான்காரருக்கும் சொல்ல முயல்கிறேன்.

ஆடு வளர்ப்பவர்: அது உண்மைதான். சொல் இல்லாமல் எழுந்தால் நானே அதட்டுவேன்.

மாரத்தான் ஓடுபவர்: அப்படியென்றால் நான் ஓடவே கூடாதா?

பதில்: ஓடலாம். இரண்டு வயதாகிவிட்டதால் எலும்பு முதிர்ந்திருக்கும். ஒன்றேகால், ஒன்றரை வயதுக்குள் என்றால் நீண்ட ஓட்டமே கூடாது என்றிருப்பேன். வாரத்தில் மூன்று நாள், ஐந்து கிலோமீட்டரில் ஆரம்பித்து, விடிகாலைக் குளிர்ச்சியில். கழுத்துப் பட்டியில் கட்டாமல் மார்புப் பட்டையில் கட்டி ஓடுங்கள். மற்ற நாட்களில் மோப்பம் பிடித்துத் தேடும் மூக்கு வேலை. உங்களிடம் ஹஸ்கி இருந்திருந்தால் உங்கள் பக்கம் இன்னும் கொஞ்சம் சாய்ந்திருப்பேன், அது பனிவண்டியை நீண்ட தூரம் இழுத்து ஓடவே வந்த இனம்.

கேள்வி: சிட்டு வேண்டாம், மாலினாய் இருந்தால் சொல்லுங்கள். வீடியோக்களில் சுவர் ஏறுகிறது. இதுதான் என் முதல் நாய்.

பதில்: முதல் நாயாக வேண்டாம். பயிற்சியாளரோடு ஒரு வருடம் பழகிவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: தோட்டத்து வேலி ஐந்தடி. தாண்டுவாளா?

பதில்: தாண்டுவாள். தோட்டக் கேள்விக்கு இதுதான் கடைசி பதில்.

கேள்வி: உண்ணி, பூச்சி மருந்தில் கவனிக்க ஏதாவது இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. கோலி, ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட் வகைகளில் எம்டிஆர்1 என்ற மரபணு மாற்றம் காணப்படும். அது இருந்தால் ஐவர்மெக்டின் போன்ற சில மருந்துகள் அதிக அளவில் போகும்போது மூளையைத் தாக்கும். பார்டர் கோலியில் அரிதுதான், ஆனால் கலப்பு நாயில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சு தேய்த்து எடுத்தே சோதிக்கலாம். மற்றதெல்லாம் உங்கள் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள், நான் மருத்துவர் இல்லை.

கேள்வி: என்னிடமும் மீட்ட மாலினாய் கலப்பு ஒன்று இருக்கிறது. நான்கு மாதமாக அறிவிப்புப் போடுகிறேன். வருகிறவர்கள் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். எப்படி எழுதுவது?

பதில்: இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். “பாசமான, சுறுசுறுப்பான நாய்” என்று எழுதினால் எல்லாரும் வருவார்கள், எவரும் எடுக்கமாட்டார்கள். ஒரு நாளை எழுதுங்கள். காலை எத்தனை மணிக்கு எழுப்புகிறது, எதைப் பார்த்தால் குரைக்கிறது, தனியாக எவ்வளவு நேரம் இருக்கிறது, எதைக் கடித்துக் குதறியது. யாரையாவது கடித்திருந்தால் அதை முதல் பத்தியிலேயே எழுதுங்கள். பத்துப் பேர் பயந்து விலகுவார்கள், பதினொன்றாவது ஆள் தெரிந்தே வருவார். வேலை செய்யும்போது ஒன்று, வீட்டில் சும்மா படுத்திருக்கும்போது ஒன்று என்று இரண்டு வீடியோ எடுங்கள். இரண்டாவதைத்தான் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள்.

தேடும் இடத்தையும் மாற்றுங்கள். தடை தாண்டும் பயிற்சி கொடுப்பவர்கள், மோப்பப் பயிற்சிக் குழுக்கள், தேடுதல் மீட்பு நாய்களோடு வேலை செய்பவர்கள், மந்தை வைத்திருப்பவர்கள், இதே இனத்தை வளர்த்து வயதாகி இழந்தவர்கள். கடைசியில் சொன்னவர்களிடம்தான் எனக்கு அதிகம் பலன் கிடைத்திருக்கிறது. வீடு முடிவானதும் மூன்று வாரம் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் மூன்று நாள் நாய் ஒடுங்கியே இருக்கும், அதைப் பார்த்து ‘எவ்வளவு சாது’ என்று ஏமாறக் கூடாது. உண்மையான குணம் தெரிய மூன்று வாரமாவது ஆகும். ஒத்துவராவிட்டால் நாய் உங்களிடமே திரும்ப வேண்டும், வேறு கைக்குப் போகக் கூடாது என்று எழுதி வாங்குங்கள்.

மாரத்தான் ஓடுபவர்: லேசர் என்னிடம் இல்லை. மூக்கு வேலை கற்றுக்கொள்ளத் தயார். நேரில் வரலாமா?

பதில்: ஞாயிறு காலை ஆறு மணிக்கு வாருங்கள். ஓட்டக் காலணி வேண்டாம், தரையில் உட்காரத் தோதான உடை போட்டு வாருங்கள். முதல் ஒரு மணி நேரம் அவளைப் பார்க்காமல், கூப்பிடாமல், தொடாமல் சும்மா உட்கார்ந்திருக்கப் போகிறோம். அவளாக வந்து உங்கள் பக்கத்தில் படுத்தால் அதற்குப் பிறகு நடக்கப் போகலாம்.