குழு சிகிச்சையில் டிமென்ஷியா (மறதி நோய்) உள்ளவர்களையும் சேர்த்து நடத்த முடியுமா? மற்றவர்கள் பொறுமை இழக்கிறார்களே?

முடியும். நீங்கள் ஏதோ முதியோர் மையத்தில் புதிதாகக் குழு நடத்துகிறவர் என்று நினைக்கிறேன். "அவரைத் தனியாக உட்கார வையுங்க" என்று மேலே இருப்பவர்கள் சொல்லியிருப்பார்கள். எனக்கும் சொன்னார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் குழுவில் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் இருந்தார். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை "எப்பம்மா கிளம்பணும்?" என்று கேட்பார். பக்கத்தில் மனச்சோர்வுக்காக வருகிற டீச்சர் அம்மா. "இப்பத்தானே சொன்னாங்க!" என்று வெடிப்பார். கண்டக்டர் முகம் சுருங்கிவிடும். "11.15க்கு முடியும், மகள் வந்து கூட்டிப்போவார்" என்று பலகையில் பெரிதாக எழுதி, அவர் கண்ணில் படும்படி வைத்தேன். கேட்கும்போதெல்லாம் அதைக் காட்டுவேன். கேள்வி நிற்கவில்லை, மற்றவர்களின் எரிச்சல் குறைந்தது.

ஒருநாள் பணத்தைப் பற்றிப் பேச்சு. ஓட்டைக் காலணாவிலிருந்து பழைய நாணயங்கள் கைமாறின. எந்த வருஷத்துக் காசு என்று நான் கேட்பதில்லை. ஞாபகத்தைச் சோதிக்கிற கேள்வியே கிடையாது, அபிப்பிராயம்தான் கேட்பேன். "சில்லறை இல்லாம ஏறுறவங்களை என்ன செய்யலாம் ஐயா?" என்றேன். நிமிர்ந்து உட்கார்ந்து, "இறக்கி விடணும்" என்றார். டீச்சர் அம்மா விடவில்லை: "டிக்கெட் பின்னாடி பாக்கியை எழுதிக் கொடுத்துட்டு, தராமலே போனது யாரு?" இருவரும் நன்றாகவே சண்டை போட்டார்கள். ஞாபகம் போனவராயிற்றே என்று அந்த அம்மா கொஞ்சமும் விட்டுக்கொடுக்கவில்லை. எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

ஞாபகத்தைச் சோதிக்காமல் அபிப்பிராயம் கேட்பது என் கண்டுபிடிப்பு இல்லை. பிரிட்டனில் உருவான காக்னிட்டிவ் ஸ்டிமுலேஷன் தெரபியின் (பேச்சாலும் விளையாட்டாலும் சிந்தனையைத் தூண்டும் குழுப் பயிற்சி) விதி. வாரம் 2 அமர்வு, ஒவ்வொன்றும் 45 நிமிடம், மொத்தம் 7 வாரம். 201 பேரை வைத்து நடந்த ஆய்வு 2003இல் வெளிவந்தது. பங்கேற்றவர்களின் சிந்தனைத் திறனும் வாழ்க்கைத் தரமும் மேம்பட்டிருந்தன. சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பு இதை நம் ஊருக்கு ஏற்ப மாற்றியிருக்கிறது. அது டிமென்ஷியா உள்ளவர்களுக்கான குழுமுறைதான், தெரியும். ஆனால் கலந்த குழுவிலும் அந்த விதி எனக்குக் கைகொடுத்தது.

எல்லாரையும் சேர்க்கலாம் என்று நான் சொல்லவில்லை. நோய் முற்றியவர்களுக்கு இது வேதனைதான். துக்கத்தைக் கொட்டித் தீர்க்கும் குழுவுக்கும் பொருந்தாது. திடீரென்று இரண்டு நாளில் குழம்பிப்போனவரை முதலில் டாக்டரிடம் அனுப்புங்கள்; சிறுநீர்த் தொற்றோ சோடியம் குறைவோ இருக்கலாம். காது சரியாகக் கேட்கிறதா என்றும் பாருங்கள்.

அப்புறம் ஒன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். பிறந்தநாளுக்கு அன்னதானம் செய்ய வருகிறவர்கள் இந்தப் பெரியவர்களை வரிசையாக உட்காரவைத்துப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுகிறார்கள். யாரிடமும் சம்மதம் கேட்பதில்லை. சாப்பாடு போடுவது பெரிய காரியம், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கண்டக்டரின் மகள் தன் அப்பா படத்தை யாரோ ஒருவருடைய ஸ்டேட்டஸில் பார்த்துவிட்டு என்னிடம் வந்து அழுதார். அதற்கு இன்றுவரை எங்கள் நிர்வாகம் ஒரு விதி எழுதவில்லை.