பழைய ஆட்டோமேட்டிக் கார்: முதலில் ஆயிலைப் பார்த்தீர்களா?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பத்து வயதைத் தாண்டிய ஆட்டோமேட்டிக் கார்களைப் பற்றியவை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். எழுதும்போது மாடல், வருடம், கிலோமீட்டர், கியர்பாக்ஸ் ஆயில் கடைசியாக எப்போது மாற்றியது, இந்த நான்கையும் தயவுசெய்து சொல்லுங்கள். போன தடவையும் இதையேதான் கேட்டேன்.

2011 ஐ10 ஆட்டோமேட்டிக், 85,000 கி.மீ. சில நாள் காலையில் ‘பி’யில் (பார்க்கிங்) சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லை. ‘என்’னுக்கு (நியூட்ரல்) தள்ளினால் உடனே ஸ்டார்ட் ஆகிறது. ஸ்டார்ட்டர் மோட்டாரை மாற்றச் சொல்கிறார்கள். – கோவை வாசகர்

மாற்றாதீர்கள். ‘என்’னில் ஸ்டார்ட் ஆகும் வண்டிக்கு ஸ்டார்ட்டரில் என்ன கோளாறு இருக்க முடியும்? லீவர் எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்லும் இன்ஹிபிட்டர் சுவிட்ச் தேய்ந்திருக்கும், அல்லது செலக்டர் கேபிள் கொஞ்சம் தளர்ந்திருக்கும். கேபிள் அட்ஜஸ்ட்மென்ட்டை முதலில் பாருங்கள், அதற்குச் செலவே கிடையாது.

சார், கார் ஜெர்க் ஆகுது. கியர்பாக்ஸ் போச்சா? எவ்வளவு செலவாகும்? – திருச்சி வாசகர்

எந்தக் கார்? எத்தனை வருடம்? எப்போது ஜெர்க்: நிற்கும்போதா, கிளம்பும்போதா, 2லிருந்து 3க்கு மாறும்போதா? காலையில் மட்டுமா, அரை மணி நேரம் ஓடியபிறகா? இது எதுவும் தெரியாமல் ஒரு தொகையைச் சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள். நானும் சொல்ல மாட்டேன்.

ஆட்டோமேட்டிக் என்ற ஒரே பெயரில் நான்கு வகை கியர்பாக்ஸ் பெட்டிகள் ஓடுகின்றன. இன்ஜின் சக்தியை ஆயில் வழியாகக் கடத்தும் டார்க் கன்வெர்டர் வகையில் ஜெர்க் வந்தால் ஆயில், சோலனாய்டு (மின் வால்வு), வால்வு பாடி (ஆயிலைப் பிரித்து அனுப்பும் பகுதி) என்று தேட வேண்டும். மேனுவல் பெட்டியையே தானாக இயங்க வைத்த ஏஎம்டியில் கொஞ்சம் தலையாட்டல் பிறவிக் குணம், அதிகமானால்தான் கிளட்ச். இரட்டைக் கிளட்ச் உள்ள டிசிடியில் கிளட்ச் தேய்மானமோ, அதைக் கட்டுப்படுத்தும் மெக்கட்ரானிக்ஸோ காரணமாகலாம். சிவிடியில் பல்சக்கர அடுக்கே கிடையாது, ஸ்டீல் பெல்ட்டும் புல்லியும்தான். உங்களுடையது எது என்று எழுதுங்கள், அடுத்த முறை பேசலாம். அதுவரை ஆயிலின் அளவு, நிறம், வாசனை பார்க்காமல் பெட்டியை இறக்க விடாதீர்கள்.

பிரேக்கை மிதித்தும் ‘பி’யிலிருந்து லீவர் வெளியே வரவில்லை. கல்யாண மண்டப வாசலில் ஒரு மணி நேரம் மாட்டிக்கொண்டோம். – காரைக்குடி வாசகி

பின்னால் யாரையாவது நிற்க வைத்து பிரேக் லைட் எரிகிறதா பாருங்கள் அம்மா. எரியவில்லை என்றால் பிரேக் பெடல் சுவிட்ச் போயிருக்கிறது, சில நூறு ரூபாய்தான். அவசரத்துக்கு லீவர் பக்கத்தில் சின்ன மூடி ஒன்று இருக்கும். ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு அந்த மூடியை நெம்பி, உள்ளே சாவியால் அழுத்திக்கொண்டு லீவரை நகர்த்தலாம். எந்த இடம் என்பது மேனுவலில் இருக்கிறது.

2014 டீசல் செடான், 6 ஸ்பீடு ஆட்டோமேட்டிக், 1.3 லட்சம் கி.மீ. 70 வேகத்தில் சீராகப் போகும்போது வண்டி நடுங்குகிறது. கியர்பாக்ஸ் ஆயில் இதுவரை மாற்றியதில்லை. ‘லைஃப்டைம் ஆயில், தொடவே வேண்டாம்’ என்று சர்வீஸில் சொல்லிவிட்டார்கள். வெளியே கேட்டால், ‘இவ்வளவு ஓடியபிறகு மாற்றினால் பெட்டி போய்விடும்’ என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது? – சேலம் வாசகர்

இரண்டு பேர் சொல்வதையும் கேட்காதீர்கள். இந்த ‘லைஃப்டைம்’ என்ற வார்த்தையால் நல்ல கியர்பாக்ஸ்கள் வீணாகப் போவதைப் பார்த்து எனக்கு மனசு ஆறவே இல்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

யாருடைய லைஃப்? இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். வாரன்டி முடியும்வரை ஓடினால் போதும் என்பது கம்பெனியின் கணக்காக இருக்கலாம். 15 வருடம் வைத்து ஓட்டுகிற குடும்பத்தின் கணக்கு வேறு. பிஎம்டபிள்யூ உட்பட பல கார்களுக்கு கியர்பாக்ஸ் செய்து கொடுக்கும் ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனமே, தன் பெட்டிகளுக்கு 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள், அல்லது 8 வருடத்தில் ஆயில் மாற்றச் சொல்கிறது. பெட்டியைச் செய்தவன் மாற்று என்கிறான், காரை விற்றவன் வேண்டாம் என்கிறான். இதில் யாரை நம்புவது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்த ஆயில் வெறும் வழவழப்புக்காக இருப்பதில்லை. கிளட்ச் தட்டுகளை அழுத்திப் பிடிப்பது அதன் பிரஷர்தான். தட்டுகள் எவ்வளவு வழுக்கலாம், எப்போது பிடிக்க வேண்டும் என்பது அதில் கலந்துள்ள சேர்மானங்களைப் பொறுத்தது. சூட்டைக் கூலருக்குக் கொண்டுபோவதும் அதே ஆயில். 80 டிகிரிக்கு மேல் போனால், ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயிலின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகக் குறையும் என்பது எங்கள் தொழிலில் பழைய கணக்கு. மே மாதம் ஏசி போட்டுக்கொண்டு ஜிஎஸ்டி சாலை நெரிசலில் ஊர்ந்தால் உள்ளே என்ன சூடு இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பல மேனுவல்களில் ‘கடுமையான உபயோகம்’ என்று தனியாக ஒரு அட்டவணை உண்டு: நெரிசல், வெயில், தூசி, மலைப்பாதை. நம் ஊரில் சாதாரணமாக ஓட்டுவதே அந்த அட்டவணையில்தான் வரும். டார்க் கன்வெர்டர் வகைக்கு 60,000 கி.மீ., சிவிடிக்கு 40,000. இதுதான் நான் எப்போதும் சொல்லும் கணக்கு.

இப்போது உங்கள் நடுக்கம். 60லிருந்து 80 வேகத்துக்குள், ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்திருக்கும்போது மட்டும் வந்தால், கன்வெர்டருக்குள் இருக்கும் லாக்கப் கிளட்ச் (சீரான வேகத்தில் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் நேராகப் பூட்டுவது) மேல் சந்தேகப்படலாம். காலியான ரோட்டில் அதே வேகத்தில் போய், ஆக்சிலரேட்டரை விடாமல் இடது காலால் பிரேக் பெடலை மெல்லத் தொடுங்கள். லாக்கப் விடுபடும். நடுக்கம் அந்தக் கணமே நின்றால் கன்வெர்டர்தான். நிற்காவிட்டால் இன்ஜெக்டர் பக்கம் தேடுங்கள்.

கன்வெர்டர் என்றால் ஆயிலை மாற்றிப் பாருங்கள். ஆரம்பக் கட்ட நடுக்கம் பல வண்டிகளில் புது ஆயிலிலேயே அடங்கிவிடும். ஒரே தடவையில் எல்லா ஆயிலும் வெளியே வராது. பாதியோ அதற்குக் குறைவாகவோதான் இறங்கும், மீதி கன்வெர்டருக்குள் நின்றுவிடும். அதனால் வடித்து நிரப்பி, நூறு இருநூறு கி.மீ. ஓட்டி, மறுபடியும் வடித்து நிரப்புங்கள். மூன்று முறை செய்தால் நல்லது. மெஷின் வைத்து பிரஷரில் ஃப்ளஷ் செய்கிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அடியில் ஆயில் தேங்கும் பான் கழற்றும் அமைப்பாக இருந்தால் அதில் உள்ள காந்தத்தைப் பாருங்கள்: மை போல நைசான சாம்பல் நிறப் படிவு சகஜம், விரலில் குத்தும் உலோகத் துணுக்கு வந்தால் சகஜமில்லை. மேனுவலில் எந்த எண் போட்டிருக்கிறதோ அந்த ஆயில் மட்டும். ‘எல்லாத்துக்கும் செட் ஆகும்’ என்று கடைக்காரர் சொல்வது வேண்டவே வேண்டாம்.

‘மாற்றினால் பெட்டி போய்விடும்’ என்ற பயம் எங்கிருந்து வந்தது? ஏற்கெனவே ஸ்லிப் ஆகிக்கொண்டிருந்த பெட்டியில், தேய்ந்த கிளட்ச் தூள் பழைய ஆயிலில் மிதந்து கொஞ்சம் பிடிப்புக் கொடுத்துக்கொண்டிருக்கும். புது ஆயில் ஊற்றினால் அந்தப் பிடிப்பும் போய்விடும். அந்தப் பெட்டி சாகும் நிலையில்தான் வந்தது, பழி ஆயில் மேல் விழுந்தது. உங்கள் ஆயில் கறுப்பாகி, கருகிய வாடையும் அடித்து, ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் சத்தம் ஏறியும் வண்டி ஏறவில்லை என்றால், ஆயிலுக்குச் செலவழிக்காதீர்கள். அது ரீபில்ட் (பிரித்துப் புதுப்பிக்கும்) கேஸ், லட்ச ரூபாய்க்குக் குறையாது. வெறும் நடுக்கம் மட்டும்தான் என்றால் இந்த மாதமே மாற்றுங்கள். பத்தாயிரம், பதினைந்தாயிரத்தில் முடியும்.

ஸ்கேனரில் பி0700 வந்திருக்கிறது. கியர்பாக்ஸ் மாற்ற 1.2 லட்சம் கேட்கிறார்கள். – மதுரை வாசகர்

பி0700 என்பது ‘கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரில் ஏதோ ஒரு குறை பதிவாகியிருக்கிறது’ என்று இன்ஜின் கம்ப்யூட்டர் சொல்வது, அவ்வளவுதான். என்ன குறை என்பது உள்ளே வேறு எண்ணில் இருக்கும். அதைப் படிக்கத் தெரிந்த ஸ்கேனர் உள்ள இடத்துக்குப் போங்கள். பேட்டரி பழசா? வோல்டேஜ் குறைந்தாலே இல்லாத குறையெல்லாம் பதிவாகும். அதையும் பார்த்துவிட்டு, ஆயிலின் அளவு, நிறம், வாசனை மூன்றையும் பாருங்கள். 1.2 லட்சத்தைப் பற்றி அப்புறம் பேசலாம்.

2015 செலெரியோ ஏஎம்டி, 90,000 கி.மீ. கோத்தகிரி ஏற்றத்தில் நெரிசலில் நின்றபோது கருகல் வாசனை, அப்புறம் கியர் விழவில்லை. கொஞ்ச நேரம் ஆறவிட்டதும் சரியானது. – மேட்டுப்பாளையம் வாசகர்

ஏற்றத்தில் பிரேக்கை விட்டுவிட்டு, ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து வண்டியைப் பிடித்து நிறுத்தியிருப்பீர்கள். உங்கள் பெட்டி சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ். கிளட்சை மிதிக்கும் வேலையையும் கியர் மாற்றும் வேலையையும் ஒரு ஹைட்ராலிக் அமைப்பு (ஆக்சுவேட்டர்) செய்கிறது. டார்க் கன்வெர்டர் கார் மாதிரி நினைத்து ஏற்றத்தில் அப்படி நிறுத்தினால் கிளட்ச் கருகும். நிற்கும்போது பிரேக், கிளம்பும்போது ஹேண்ட் பிரேக். 90,000 ஓடிவிட்டது, கிளட்ச் மாற்றும் நேரம்தான். ஆக்சுவேட்டருக்குத் தனி ஆயில் உண்டு, அதன் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். புது கிளட்ச் போட்டதும் ஸ்கேனரை மாட்டிப் புதிதாகப் பதிவு செய்ய வேண்டும். இதைச் செய்யாமல் வண்டியைக் கொடுத்துவிட்டு, ‘ஓட ஓட சரியாகும்’ என்பார்கள். நம்பாதீர்கள்.

2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் கார் இரண்டு நாள் தண்ணீரில் நின்றது. இன்ஜின் ஆயில் மாற்றி ஓட்டினோம். இப்போது மூன்றாவது கியரில் ஸ்லிப். டிரெயின் செய்தால் ஆயில் ரோஸ் மில்க் மாதிரி வருகிறது. – வேளச்சேரி வாசகர்

இன்ஜின் ஆயிலை மாற்றியவர்கள் கியர்பாக்ஸை ஏன் மறந்தீர்கள்? பெட்டியின் மேலே காற்றுப் போக்குக் குழாய் ஒன்று உண்டு. அந்த உயரத்துக்குத் தண்ணீர் வந்தால் உள்ளே போகும். கிளட்ச் தட்டில் இருப்பது காகித வகை லைனிங், பசையால் ஒட்டியது. தண்ணீர் பட்டால் ஊறி, பிரிந்து வரும். 2015 வெள்ளத்துக்குப் பிறகும் இதையேதான் சொன்னோம். இப்போது வெறும் ஆயில் மாற்றத்தால் பயன் இல்லை, பிரித்துத் தட்டுகளை மாற்றத்தான் வேண்டும். வால்வு பாடியையும் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

வெள்ளத்தில் நிற்காத வண்டியிலும் இந்த நிறம் வரலாம். ரேடியேட்டருக்குள்ளேயே ஆயில் கூலர் இருக்கும் கார்களில், அது அரித்து ஓட்டையானால் கூலன்ட் ஆயிலில் கலக்கும். கூலன்டுக்குப் பதிலாக போர் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் இந்த அரிப்பைத் தாங்களே வரவழைக்கிறார்கள்.

2004 பென்ஸ் இ கிளாஸ், 5 ஸ்பீடு. திடீரென்று இரண்டாவது கியரிலேயே நின்றுவிடுகிறது. – புதுச்சேரி வாசகர்

வண்டி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள எமர்ஜென்சி நிலைக்குப் போகிறது. அந்தப் பெட்டியின் பக்கவாட்டில் 13 முனை வயர் கனெக்டர் ஒன்று உண்டு. அதன் ஓ-ரிங் காய்ந்தால் ஆயில் கசிந்து வயர் வழியாகவே ஏறி, கம்ப்யூட்டர்வரை போய்விடும். கனெக்டரைக் கழற்றி ஆயில் இருக்கிறதா என்று பாருங்கள். சின்னப் பொருள், பெட்டியை இறக்கவே வேண்டாம். அளவு, நிறம், வாசனை: உங்களுக்கும் அதேதான்.

2009 ஆல்டிஸ் கியர்பாக்ஸ் ரீபில்ட் செய்வதற்குப் பதில் சென்னை புதுப்பேட்டை பழைய உதிரிபாகச் சந்தையில் பழையது வாங்கிப் போடலாமா? பாதி விலைதான். – தாம்பரம் வாசகர்

போடலாம், கண்ணை மூடிக்கொண்டு வாங்காமல் இருந்தால். பெட்டியின் கோடு எண் உங்களுடையதோடு பொருந்த வேண்டும். உள்ளே மிச்சம் இருக்கும் ஆயிலைத் துளி எடுத்து வெள்ளைத் துணியில் விட்டு முகர்ந்து பாருங்கள். கருகல் இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். ஏற்றும்போது கன்வெர்டர் பம்புக்குள் முழுவதும் உட்கார்ந்த பிறகே போல்ட் முடுக்க வேண்டும். அரைகுறையாக உட்கார்ந்திருக்கும்போது போல்ட்டால் இழுத்துச் சேர்த்தால், ஸ்டார்ட் செய்த உடனேயே பம்ப் உடையும். பழைய பெட்டியின் தூள் கூலர் குழாய்களில் தங்கியிருக்கும், அவற்றையும் கழுவ வேண்டும்.

‘டி’ (டிரைவ்) போட்டாலும் ‘ஆர்’ (ரிவர்ஸ்) போட்டாலும் ‘டம்’ என்று ஒரு இடி. மற்றபடி நன்றாக ஓடுகிறது. – நாகர்கோவில் வாசகர்

பானெட்டைத் திறந்துவைத்து, பிரேக்கை நன்றாக மிதித்தபடி ‘டி’, ‘ஆர்’ மாற்றி மாற்றிப் போடுங்கள். இன்னொருவர் பக்கவாட்டில் நின்று இன்ஜினைப் பார்க்கட்டும், வண்டிக்கு முன்னால் நிற்க வேண்டாம். இன்ஜின் எகிறிக் குதித்தால் மவுண்டிங் ரப்பர் கிழிந்திருக்கிறது. கியர்பாக்ஸைத் தொடாதீர்கள்.

வழியில் நின்றுபோன ஆட்டோமேட்டிக் காரை, முன் சக்கரம் ரோட்டில் உருள, கயிறு கட்டி இழுத்துப் போகலாமா? முன் சக்கரத்தால் ஓடும் வண்டி. பக்கத்து ஊர்தான், 20 கி.மீ. – உளுந்தூர்பேட்டை வாசகர்

கூடாது. இன்ஜின் ஓடாவிட்டால் ஆயில் பம்ப் ஓடாது, உள்ளே எல்லாம் காய்ந்தபடி சுற்றும். நாலு சக்கரமும் மேலே ஏறும் பிளாட்பெட் வண்டியைக் கூப்பிடுங்கள், கூடுதலாக இரண்டாயிரம் ஆனாலும் பரவாயில்லை.