முடுக்கம் பூஜ்யம் என்றால் பெட்ரோல் எதற்கு?

வணக்கம். மகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்து நானே மாட்டிக்கொண்டேன். விசை என்பது நிறை × முடுக்கம், சரி. கார் ஒரே வேகத்தில் நேராகப் போகும்போது முடுக்கம், அதாவது வேகம் மாறும் வீதம், பூஜ்யம்; அப்படியானால் விசையும் பூஜ்யம். பிறகு பெட்ரோல் எதற்கு என்கிறாள். விசையே இல்லாத அந்தக் கார் சுவரில் மோதினால் மட்டும் ஏன் நொறுங்குகிறது? எடையே தெரியாத விண்வெளியில் நிறையை எப்படி அளப்பார்கள் என்றும் கேட்கிறாள்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கணக்கைச் சரியாகப் போட்டுவிட்டுத்தான் மாட்டியிருக்கிறீர்கள். சமன்பாட்டில் உள்ள விசை எஞ்சின் தரும் விசை மட்டும் அல்ல. காரின் மேல் செயல்படும் எல்லா விசைகளையும் திசை பார்த்துக் கூட்டிக் கழித்தபின் மிஞ்சும் நிகர விசை அது. பாடப்புத்தகங்கள் இதை ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிடுகின்றன, குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

1,000 கிலோ கார், மணிக்கு 72 கி.மீ. வேகம். அதாவது நொடிக்கு 20 மீட்டர். காற்றும் டயர்களின் உராய்வும் சேர்ந்து 300 நியூட்டன் பின்னால் இழுப்பதாக வைத்துக்கொள்வோம். எஞ்சினின் தயவில் முன்னோக்கியும் அதே 300. மிச்சம் பூஜ்யம், ஆகவே வேகம் மாறவில்லை. பெட்ரோல் எரிவது அந்த இழுவையை ஈடுகட்டத்தான். கியரை நியூட்ரலுக்கு மாற்றினால் 300 நியூட்டன் தனியாக நிற்கும். 1,000ஆல் வகுத்தால் முடுக்கம் 0.3. ஒவ்வொரு நொடிக்கும் மணிக்கு 1 கி.மீ. அளவு வேகம் குறைந்துகொண்டே வரும். தடுக்கக் காற்று இல்லாத இடத்தில் இந்தச் செலவே கிடையாது. 1977இல் ஏவிய வாயேஜர் 1 விண்கலம் நொடிக்குச் சுமார் 17 கி.மீ. வேகத்தில் இன்னும் போய்க்கொண்டிருக்கிறது, தள்ள யாருமில்லாமல்.

அடுத்து சுவர். ஓடும் கார் விசையைச் சுமந்துகொண்டு போவதில்லை. அதனிடம் இருப்பது உந்தம், அதாவது நிறை × திசைவேகம். அந்த உந்தத்தை யாராவது மாற்றும்போதுதான் விசை வருகிறது. 1687இல் வெளியான தன் பிரின்சிப்பியா நூலில் நியூட்டனும் இயக்கத்தில் ஏற்படும் மாற்றத்தைப் பற்றித்தான் பேசுகிறார். நாம் மனப்பாடம் செய்யும் சமன்பாடு அந்த வடிவில் அங்கே இல்லை. பிரேக் போட்டு 5 நொடியில் நிறுத்தினால் வேகம் நொடிக்கு 4 மீட்டர் வீதம் குறைகிறது, தேவைப்படும் விசை 4,000 நியூட்டன். சுவர் அதே காரை 0.1 நொடியில் நிறுத்தினால் சராசரியாக 2 லட்சம் நியூட்டன்! முன்பகுதி நசுங்கும்படி கார்களைக் கட்டுவதும், உள்ளே காற்றுப்பை வைப்பதும் அந்த 0.1 நொடியைக் கொஞ்சமாவது நீட்டிக்கத்தான். வண்டி அப்பளமாகிவிட்டதே என்று அதன் தரத்தைத் திட்டுபவர்கள் இதை யோசிப்பதில்லை.

மகளின் கடைசிக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்தது. சர்வதேச விண்வெளி நிலையத்தில் எடை பார்க்கும் மெஷினில் ஏறி நின்றால் முள் அசையாது. அங்கே ஸ்பிரிங் பொருத்திய ஒரு கருவி இருக்கிறது. தெரிந்த அளவு விசையால் அது வீரரை இழுக்கும், அவர் எவ்வளவு முடுக்கம் பெறுகிறார் என்று அளக்கும். விசையை முடுக்கத்தால் வகுத்தால் நிறை வந்துவிடும்.