பூப்போட்ட பழைய டைல்ஸ் ஆடினால் என்ன செய்வது?

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: தாத்தா கட்டிய வீடு, கூடம் முழுக்கப் பூப்போட்ட சிமெண்ட் டைல்ஸ். நடந்தால் ஏழெட்டுக் கல் ஆடுகிறது, சுவரோரம் உப்புப் பூக்கிறது, இரண்டு கல்லில் விரிசல். மொத்தத்தையும் பெயர்த்துவிட்டு விட்ரிஃபைட் போட்டுவிடலாம் என்கிறார் மேஸ்திரி. சரிதானா?

வேண்டாம். கோளாறு கல்லில் இல்லை, கல்லுக்குக் கீழே இருக்கிறது. மேலே ஈரம் போக வழியில்லாமல் விட்ரிஃபைட்டால் மூடினால் அது பக்கத்துச் சுவரில் ஏறி, அடுத்து அங்கே பூச்சு உதிரும்.

முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். நம் ஊர்த் தெருக்களில் ரோடு போடும்போதெல்லாம் மேலேயே போட்டுப் போட்டு, பழைய வீடுகளின் வாசல் பள்ளமாகிவிட்டது; மழைத்தண்ணீர் சுவரடியில்தான் நிற்கும். முற்றத்துச் சாக்கடை கசிகிறதா என்றும் பாருங்கள். தரையில் ஒரு பிளாஸ்டிக் ஷீட்டை விரித்து நாலு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். அடியில் வேர்த்திருந்தால் ஈரம் கீழிருந்துதான் வருகிறது, அதை அடைக்காமல் தரையில் கை வைக்காதீர்கள். உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி அள்ளுங்கள், வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினால் கரைந்து திரும்பவும் உள்ளேதான் போகும்.

ஆசிட் மட்டும் கூடவே கூடாது. இது சூளையில் சுட்ட கல் இல்லை, அச்சில் அழுத்தித் தண்ணீரில் ஊறவைத்து எடுத்த சிமெண்ட். பூ இருப்பது மேலே சில மில்லிமீட்டர் மட்டும்தான். ஆசிட் பட்டால் அந்த நிறமே அரித்துப்போகும்.

இனி ஆடுகிற கற்கள். கட்டைவிரல் கணுவால் ஒவ்வொன்றாகத் தட்டினால் பொக்கென்று கேட்பது தெரியும், சாக்பீஸால் எண் போட்டு, எந்தப் பக்கம் வாசலைப் பார்த்திருக்கிறது என்று அம்புக்குறியும் போட்டு, போட்டோ எடுத்துவிடுங்கள். திருப்பி வைத்தால் பூ சேராது. இடுக்கில் ஆக்சா பிளேடை விட்டுப் பழைய கலவையைச் சுரண்டிய பிறகு, உடைந்த கல்லின் பக்கமிருந்து தட்டை உளியைப் படுக்கவைத்து நெம்புங்கள். சுண்ணாம்புக் கலவையில் பதித்திருந்தால் முழுசாக வரும்.

திரும்பப் பதிப்பதும் சுண்ணாம்பில்தான், நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த மணல் மூன்று பங்கு. மேஸ்திரிக்குச் சுண்ணாம்பு பழக்கமில்லை என்றால் சிமெண்ட் 1, சுண்ணாம்பு 2, மணல் 9. வெறும் சிமெண்டில் பதித்தால் அடுத்த தடவை கல்லை உடைக்காமல் எடுக்கவே முடியாது. தண்ணீர் விஷயம் முக்கியம்: பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கமெல்லாம் தோல் கழிவால் நிலத்தடி நீர் உப்பேறிக் கிடக்கிறது, போர் தண்ணீரில் கலவை போட்டால் நீங்களே உப்பைக் கொண்டுபோய் வைத்ததுபோல ஆகும். குடிதண்ணீரையே பயன்படுத்துங்கள். கல்லை நனைத்து வைத்து, ரப்பர் சுத்தியலால் தட்டி, மட்டம் பார்த்து, ஒரு வாரமாவது ஈரச்சாக்கு போட்டு வையுங்கள். சித்திரை வெயிலில் இந்த வேலையே வேண்டாம்.

விரிசல் விட்ட கல் ஆடவில்லையென்றால் அப்படியே விடலாம், வெள்ளை சிமெண்டில் அதே நிறப்பொடி கலந்து விரிசலுக்குள் தேய்த்து, காய்வதற்குள் மேலே படிந்ததைத் துடைத்துவிட்டால் போதும். தூளாகிப்போனதற்குப் பதில் கல் வேண்டுமென்றால், பீரோவுக்கு அடியில், சாமான் அறை மூலையில் இருப்பதை எடுத்துக் கூடத்தில் போடுங்கள், அந்த மறைவான இடத்துக்கு, இந்த மாதிரிப் பூப்போட்ட டைல்ஸைக் கையால் செய்கிற செட்டிநாட்டு ஊரான ஆத்தங்குடியில் புதுசு செய்யச் சொல்லலாம். செய்யச் சொல்லும்போது நீள அகலத்தோடு தடிமனையும் அளந்து சொல்லுங்கள்.