கொலஸ்ட்ரால் 238: மாத்திரை போடணுமா, வேண்டாமா?

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கொழுப்பு மாத்திரை பற்றியவை. பெயரையும் விலாசத்தையும் எடுத்துவிட்டு ஊரை மட்டும் வைத்திருக்கிறேன். அனுப்புகிறவர்கள் தயவுசெய்து வயது, பி.பி., சுகர், புகைப்பழக்கம், குடும்பத்தில் மாரடைப்பு, ரிப்போர்ட்டில் உள்ள நாலு எண்கள் இத்தனையையும் எழுதுங்கள். போன தடவையும் இதைத்தான் கேட்டேன்.

ஐயா, டோட்டல் கொலஸ்ட்ரால் 238 வந்திருக்குது. மாத்திரை போடணுமா, வேண்டாமா? ஒத்த வார்த்தையில சொல்லுங்க. (கொழிஞ்சாம்பாறை)

ஒத்த வார்த்தையில் சொல்ல முடியாது. 238 என்பது கூட்டுத்தொகை. மொத்தத்திலிருந்து நல்ல கொழுப்பான எச்.டி.எல்.-ஐயும், டிரைகிளிசரைடு என்ற இன்னொரு கொழுப்பில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்தால் வருவதுதான் எல்.டி.எல். என்கிற கெட்ட கொழுப்பு. முப்பத்தைந்து வயதுப் பெண், எச்.டி.எல். 78, டிரைகிளிசரைடு 100 என்றால் எல்.டி.எல். 140. பி.பி., சுகர் இல்லாவிட்டால் அவருக்குச் சாப்பாடும் நடையும் போதும். ஐம்பத்தைந்து வயது ஆண், பீடி, சுகர், எச்.டி.எல். 34, டிரைகிளிசரைடு 220 என்றால் எல்.டி.எல். 160. இவருக்கு மாத்திரையைத் தள்ளிப்போட ஒரு காரணமும் இல்லை. இரண்டு பேருடைய ரிப்போர்ட்டிலும் மேலே இருப்பது அதே 238தான். நீங்கள் இதில் யார் என்று எழுதவில்லையே.

46 வயசு. எல்.டி.எல். 148, எச்.டி.எல். 42, டிரைகிளிசரைடு 165. பி.பி. 130/84. சுகர் இல்லை, சிகரெட் இல்லை. அப்பாவுக்கு 68 வயதில் பைபாஸ். ஒரு டாக்டர் போடு என்கிறார், இன்னொருவர் பொறு என்கிறார். (கூடலூர்)

இப்படி எழுதினால் பதில் சொல்ல வசதி. இரண்டு டாக்டரும் தப்புச் சொல்லவில்லை, நீங்கள் நடுக்கோட்டில் நிற்கிறீர்கள். அப்பாவுக்கு 55 வயதுக்குள் வந்திருந்தால் கணக்கு வேறு. 68 என்பது குடும்பக் காரணமாக எண்ணப்படாது. அம்மா, அக்கா, தங்கை என்றால் அந்த எல்லை 65.

முதலில் தைராய்டுக்கான டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை பாருங்கள். தைராய்டு மந்தமாக இருந்தாலே எல்.டி.எல். ஏறும். அதைச் சரிசெய்தால் சிலருக்குக் கொழுப்பு மாத்திரை பற்றிய பேச்சே வராது. பிறகு மூன்று மாதம் ஒழுங்காகச் சாப்பாட்டைத் திருத்துங்கள். வழக்கமாக 10 முதல் 15 சதவீதம் இறங்கும், அதாவது 148 என்பது 130 பக்கம் வரும். அதற்குமேல் சாப்பாட்டிடம் எதிர்பார்க்க வேண்டாம். உடம்பில் ஓடும் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை உடம்பே, முக்கியமாகக் கல்லீரல்தான், செய்துகொள்கிறது.

அதன்பிறகும் தீர்மானம் வரவில்லையென்றால் இரண்டு பரிசோதனை உதவும். ஒன்று எல்பி-ஏ, ரத்தத்தில் ஓடும் இன்னொரு வகைக் கொழுப்பு. வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் போதும், 50 மி.கி.-க்கு மேல் இருந்தால் தராசு மாத்திரைப் பக்கம் சாயும். இன்னொன்று கால்சியம் ஸ்கோர், இதய ரத்தக்குழாயில் படிந்த சுண்ணாம்பை அளக்க மருந்து ஏற்றாமல் எடுக்கும் சி.டி. ஸ்கேன். பூஜ்யம் வந்தால் சில வருஷம் மாத்திரை இல்லாமல் பொறுக்கலாம். 100-க்கு மேல் வந்தால் பொறுக்கக் கூடாது. இதை எடுக்கச் சொல்வது உங்களைப் போல நடுவில் நிற்பவர்களுக்கு மட்டும். சுகர் உள்ளவரும் சிகரெட் பிடிப்பவரும் பூஜ்யத்தைக் காட்டித் தப்பிக்க முடியாது.

ஐயா, வயது 62. இரண்டு வருஷம் முன்னாடி புனலூர்ப் பக்கம் ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போ எல்.டி.எல். 92. ரிப்போர்ட்டில் 100-க்குள் நார்மல் என்று போட்டிருக்கு. அதனால் போன மாசமே மாத்திரையை நிறுத்திட்டேன். சரிதானே? மாத்திரைக்கு அடிமையாகக் கூடாது என்று ஒரு வீடியோவிலும் சொன்னார்கள். (செங்கோட்டை)

சரியில்லை. இந்தக் கடிதத்தைப் படித்து முடிப்பதற்குள் மாத்திரையை எடுத்து விழுங்குங்கள், மீதியைப் பிறகு படிக்கலாம்.

அந்த 92 உங்கள் 92 இல்லை, மாத்திரையின் 92. மாத்திரை பாதியாகக் குறைத்திருக்கிறது என்று வைத்தால் உங்களுடைய சொந்த எண் 180 பக்கம். நிறுத்திய இரண்டிலிருந்து நாலு வாரத்தில் அது பழைய இடத்துக்கே போய்விடும். நீங்கள் நிறுத்தி ஒரு மாசம் ஆகிறது, போயிருக்கும். ஸ்டாட்டின் என்கிற இந்தக் கொழுப்பு மருந்து, கல்லீரல் கொலஸ்ட்ரால் செய்வதைத் தடுக்கிறது. கைக்குக் குறைந்ததும் கல்லீரல் ரத்தத்தில் ஓடும் எல்.டி.எல்.-ஐ அள்ளி எடுக்கிறது. மருந்து உள்ளே இருக்கும்வரைதான் இந்த வேலை. காய்ச்சல் மாத்திரை மாதிரி ஐந்து நாள் போட்டு முடிகிற சமாசாரம் இல்லை.

அடுத்தது அந்த ‘நார்மல்’. லேப்காரர் உங்களுக்கு ஸ்டென்ட் இருப்பதைப் பார்த்து அச்சடிக்கவில்லை. இருபது வயதுப் பையனுக்கும் உங்களுக்கும் ஒரே தாள்தான் வருகிறது. கார்டியாலஜிக்கல் சொசைட்டி ஆஃப் இந்தியா 2024இல் தந்த வழிகாட்டலில் சாதாரண ஆளுக்கு 100-க்குள், அதிக ஆபத்து உள்ளவருக்கு 70-க்குள், உங்களைப் போல ரத்தக்குழாய் அடைத்துத் திறந்தவருக்கு 55-க்குள். ஆகவே 92 என்பது நிறுத்துவதற்கான எண் அல்ல, கூட்டுவதற்கான எண்.

கூட்டுவதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. ஸ்டாட்டின் அளவை இரட்டிப்பாக்கினால் கூடுதலாக 6 சதவீதம்தான் இறங்கும். ஸ்டென்ட் வைத்தவருக்கு அடோர்வாஸ்டாட்டின் 40 அல்லது 80, இல்லையென்றால் ரோசுவாஸ்டாட்டின் 20 அல்லது 40 என்பதே வழக்கம். அது போதாவிட்டால் எசெட்டிமைப் 10 என்ற இன்னொரு மாத்திரையைச் சேர்த்தால் இன்னும் 20 சதவீதம் போல இறங்கும். அதுவும் போதாவிட்டால் ஊசிகள் இருக்கின்றன, விலைதான் கடி. நீங்கள் எந்த மாத்திரை, எத்தனை மி.கி. என்றே எழுதவில்லை. டாக்டரிடமாவது அட்டையைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

கேரள எல்லை தாண்டி வைத்தியம் பார்ப்பவர்களுக்கு இன்னொன்று. அங்கே ஆஸ்பத்திரியில் ஒரு பிராண்டு எழுதுவார்கள், தென்காசி மெடிக்கலில் வேறு பிராண்டு தருவார்கள். பெயர் வேறாக இருப்பதால் இரண்டும் வேறு மருந்து என்று நினைத்து இரண்டையும் போடுகிறவர்கள் உண்டு. ஒன்று போதும் என்று தப்பான அட்டையைத் தூக்கிப்போட்டு, ரத்தம் உறையாமலிருக்கத் தந்ததை நிறுத்துகிறவர்களும் உண்டு. அது இதைவிட மோசம். அட்டையைத் திருப்பிப் பின்பக்கம் சின்ன எழுத்தில் உள்ள மருந்துப் பெயரையும் மி.கி.-யையும் படியுங்கள், அல்லது பேரனைப் படிக்கச் சொல்லுங்கள். அதை ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள்.

அடிமை என்கிறீர்கள். தினமும் உப்புப் போட்டுத்தான் சாப்பிடுகிறீர்கள், யாரும் உப்புக்கு அடிமை என்று வீடியோ போடுவதில்லை. 1994இல் வந்த ‘4எஸ்’ ஆய்வில் ஏற்கெனவே இதய நோய் உள்ள 4444 பேரில் பாதிப் பேருக்கு சிம்வாஸ்டாட்டின் கொடுத்தார்கள். மாத்திரை போட்டவர்களிடம் இறப்பு 30 சதவீதம் குறைந்தது. தமிழ்நாட்டில் ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் நெஞ்சுவலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருபவருக்கு முதலில் கொடுத்து அனுப்பும் 14 மாத்திரையில் 8 அடோர்வாஸ்டாட்டின்தான். நீங்களாக நிறுத்தாதீர்கள். பல் பிடுங்கினாலும், காய்ச்சல் வந்தாலும், சபரிமலைக்கு மாலை போட்டாலும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

டாக்டர், எங்க வீட்டுல எல்லாத்துக்கும் தேங்காயெண்ணெதான். பாட்டிலிலேயே ‘கொலஸ்ட்ரால் இல்லை’ என்று போட்டிருக்கு. பிறகு எனக்கு எப்படி எல்.டி.எல். 152? (மார்த்தாண்டம்)

பாட்டிலில் போட்டது உண்மை. எந்தச் செடி, மர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் கிடையாது. விளக்கெண்ணெயிலும் கிடையாது. விஷயம் நிறைவுற்ற கொழுப்பில் இருக்கிறது. தேங்காயெண்ணெயில் 90 சதவீதம், பாமாயிலில் 50, நல்லெண்ணெய், கடலெண்ணெயில் 15 முதல் 20. நிறைவுற்ற கொழுப்பு எல்.டி.எல்.-ஐ ஏற்றும். எச்.டி.எல்.-ஐயும் சேர்த்து ஏற்றுகிறதே என்று சமாதானம் சொல்வார்கள். மருந்தால் எச்.டி.எல்.-ஐ மட்டும் ஏற்றிப் பார்த்த ஆய்வுகளில் மாரடைப்பு குறையவில்லை.

தேங்காயெண்ணெயை விடச் சொல்லவில்லை, சொன்னாலும் குமரி மாவட்டத்தில் யார் கேட்கப் போகிறார்கள்? அவியலில் கடைசியாக ஊற்றும் ஒரு கரண்டி இருக்கட்டும். தாளிப்பதும் பொரிப்பதும் வேறு எண்ணெயாகட்டும். எல்லா எண்ணெயும் சேர்த்து ஆளுக்கு மாசம் அரை லிட்டர், நாலு பேருக்கு இரண்டு லிட்டர். அளந்து தனிப் பாத்திரத்தில் ஊற்றி வைத்தால்தான் தெரியும். மத்தி மீன் நல்ல மீன், குழம்பு வையுங்கள். அதையே தேங்காயெண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்தால் மீனின் லாபம் சட்டியில் போய்விடும். பழம்பொரி போட்ட எண்ணெயை மறுநாளும் காய்ச்சாதீர்கள். மூன்று மாதம் இப்படி இருந்து திரும்பப் பாருங்கள்.

மூணாறு எஸ்டேட்டில் வேலை. பெண், வயது 29, எல்.டி.எல். 224. அப்பா 44 வயதில் நெஞ்சுவலியில் இறந்துவிட்டார். ஒல்லியாகத்தான் இருக்கிறேன். மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை.

எல்.டி.எல். 190-ஐத் தாண்டினால் வயதையும் உடம்பின் பருமனையும் பார்க்கிற வேலை இல்லை, மாத்திரை வேண்டும். தைராய்டு சரியாக இருந்தால் இது பரம்பரைக் கொழுப்பாகத்தான் இருக்கும். 250, 300 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. குதிகாலுக்கு மேலே பின்பக்கம் ஓடும் தடித்த நாரை விரலாலும் கட்டைவிரலாலும் பிடித்துப் பாருங்கள். வேறொருவருடையதோடு ஒப்பிட்டால் உங்களுடையது பருத்தோ, கட்டிகட்டியாகவோ தட்டுப்படலாம். தட்டுப்படாவிட்டால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை.

உங்கள் மகளுக்கு இது வந்திருக்க இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு. இந்த வயதிலேயே ரத்தம் பார்க்கலாம், பார்க்க வேண்டும். அண்ணன், தங்கை எல்லாரும் பார்க்கட்டும். அடுத்த குழந்தைக்கு உத்தேசம் இருந்தால் முதலிலேயே டாக்டரிடம் சொல்லுங்கள். கருத்தரிக்க முயலும் 1, 2 மாதம் முன்பே ஸ்டாட்டினை நிறுத்துவது வழக்கம், பாலூட்டும்போதும் பொதுவாகக் கிடையாது. மாத்திரை போடும்போதே தள்ளிப்போய்விட்டால் பயப்படாமல் உடனே போய்ப் பாருங்கள்.

மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து கால் வலி. வலது முட்டி ரொம்ப வலிக்குது. நிறுத்தலாமா? (கோபாலபுரம்)

ஒற்றை முட்டி வலி மாத்திரை வலி அல்ல, முட்டி வலி. ஸ்டாட்டின் தரும் வலி மூட்டில் வராது, சதையில் வரும். இரண்டு தொடை, இரண்டு கெண்டைக்கால், தோள் என்று இருபுறமும், பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள். அப்படி இருந்தால் சி.பி.கே. (சதை சிதைவதைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), டி.எஸ்.எச்., வைட்டமின் டி பார்க்கச் சொல்லுங்கள். சி.பி.கே. வழக்கமான உச்ச அளவைப் போல 10 மடங்கைத் தாண்டினாலோ, சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனாலோ அன்றே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நீங்களாக நிறுத்தலாம் என்று நான் சொல்லும் ஒரே சந்தர்ப்பம் இதுதான்.

இதற்குக் குறைவானதென்றால் டாக்டர் இரண்டு, மூன்று வாரம் நிறுத்திப் பார்த்து, குறைந்த அளவிலோ வேறு ஸ்டாட்டினிலோ திரும்ப ஆரம்பிப்பார். பலருக்கு ரோசுவாஸ்டாட்டின் 5 ஒருநாள் விட்டு ஒருநாள் ஒத்துக்கொள்ளும். 2020இல் வந்த ‘சாம்சன்’ ஆய்வில், மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று விட்டவர்களுக்குச் சில மாதம் நிஜ மாத்திரையும் சில மாதம் வெறும் மாத்திரையும் கொடுத்தார்கள். நிஜத்தில் சொன்ன தொந்தரவில் 90 சதவீதம் வெறும் மாத்திரையிலும் வந்தது. வலி பொய் என்று சொல்லவில்லை, காரணம் மாத்திரையாக இல்லாமலும் இருக்கலாம். சளிக்கு கிளாரித்ரோமைசின் எழுதினால் மட்டும் கொழுப்பு மாத்திரை போடுவதைச் சொல்லிவிடுங்கள். இரண்டும் சேர்ந்தால் நிஜமாகவே சதை கெடலாம்.

லாரி ஓட்டுகிறேன், 41 வயது. டிரைகிளிசரைடு 612. எல்.டி.எல். இடத்தில் ஒன்றும் போடவில்லை. லேப் தப்பா? (கம்பம்)

தப்பில்லை. டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் அந்தக் கழித்தல் கணக்கு வேலை செய்யாது. குடிப்பழக்கம் உண்டா என்று நீங்கள் எழுதவில்லை, நானே கேட்கிறேன். இருந்தால் முழுசாக விட்டு, சர்க்கரையும் குளிர்பானமும் ராத்திரிப் பரோட்டாவும் குறைத்து, இரண்டு வாரம் கழித்து 12 மணி நேரம் வெறும் வயிற்றில் திரும்ப எடுங்கள். கூடவே மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. பாருங்கள், சுகர் ஒளிந்திருக்கும். 500-க்கு மேல் என்றால் முதல் கவலை கணையம். மேல்வயிறு வலித்து முதுகுக்கு ஊடுருவினால் வண்டியை ஓரங்கட்டி ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சுகர் எட்டு வருஷமாக இருக்கிறது, வயது 47. எல்.டி.எல். 104தான். கொழுப்பே இல்லாத எனக்குக் கொழுப்பு மாத்திரை எழுதியிருக்கிறார். இது சுகரை ஏற்றுமாமே? (சித்தூர், பாலக்காடு)

சரியாகத்தான் எழுதியிருக்கிறார். சுகர் உள்ளவர் 40 தாண்டினால் எண்ணைப் பார்த்து மாத்திரை இல்லை, ஆளைப் பார்த்து மாத்திரை. சுகரைக் கொஞ்சம் ஏற்றும் என்பதும் உண்மை. 250 பேர் நாலு வருஷம் போட்டால் ஒருவருக்குப் புதிதாக சுகர் வரும். உங்களுக்கு ஏற்கெனவே வந்துவிட்டது. நீங்களாக நிறுத்தாதீர்கள்.

ஃபேட்டி லிவர் இருக்கிறது. ஸ்டாட்டின் கல்லீரலைக் கெடுக்காதா? (களியக்காவிளை)

ஃபேட்டி லிவர் தடை இல்லை. கல்லீரல் பரிசோதனையில் வரும் எஸ்.ஜி.பி.டி., வழக்கமான உச்ச அளவைப் போல மூன்று மடங்குக்கு மேல் நின்றால்தான் யோசிக்க வேண்டும்.

பாட்டிக்கு 81 வயது. முதல்முறையாக ரத்தம் பார்த்தோம், எல்.டி.எல். 139. (குமுளி)

ஏன் பார்த்தீர்கள்? இதய நோய், பக்கவாதம் எதுவும் இல்லாமல் நடமாடுகிறார் என்றால் அவசரமாக ஆரம்பிக்க வேண்டியதில்லை. முன்பே போட்டுக்கொண்டிருந்தவர் என்றால் தொடரட்டும்.

பூண்டு, வெந்தயம், செம்பருத்தி?

குழம்பில் போடுங்கள். மாத்திரைக்குப் பதில் அல்ல.

ராத்திரிதான் போடணுமா?

சிம்வாஸ்டாட்டின் என்றால் ராத்திரி. அடோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் எந்த நேரமும், தினமும் ஒரே நேரம்.

நேற்று மறந்துவிட்டேன், இன்று இரண்டாகப் போடலாமா?

வேண்டாம். இன்றைக்கு உள்ளதை மட்டும் போடுங்கள்.