டி.என்.ஏ அமைப்பைக் கண்டுபிடித்தது வாட்சனும் கிரிக்கும் என்றால், அவர்களுக்கு முன்னால் இருந்தவர்களைப் பற்றி ஏன் படிக்க வேண்டும்?

நீங்கள் பன்னிரண்டாம் வகுப்போ நீட்டோ படிக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். இரண்டு பெயர், 1953, ஒரு நோபல் பரிசு, இதற்கு மேல் எதற்கு என்று தோன்றுவது நியாயம்தான். எம்.எஸ்சி முடிக்கும்வரை நானும் அப்படித்தான் நினைத்தேன். அப்புறம் மூன்று வருடம் ஓர் ஆய்வகத்தில் ப்ராஜெக்ட் அசிஸ்டென்டாக டி.என்.ஏ பிரித்தெடுக்கும் வேலை பார்த்தேன். உங்கள் கேள்வியைப் பார்த்ததும் அந்த மூன்று வருடம்தான் ஞாபகம் வந்தது.

காலை ஐந்தரைக்கெல்லாம் கறிக்கடையில் நிற்பேன். சுவரொட்டி, அதாவது ஆட்டு மண்ணீரல், அறுத்த சூடு ஆறுவதற்குள் வாங்கி ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு பஸ் பிடிக்க வேண்டும். வீட்டில் யாருக்கும்மா ரத்தசோகை என்று கடைக்காரர் கேட்பார். ஆய்வகத்துக்கு வந்ததும் நறுக்கி, சிட்ரேட் கலந்த உப்புக் கரைசலில் அரைத்து, எஸ்.டி.எஸ் என்ற சோப்பு மாதிரிப் பொருளைச் சேர்த்து, குளோரோஃபார்ம் கலந்து, சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி, மேலே தெளிந்து நிற்கும் நீரை மட்டும் தனியாக எடுக்க வேண்டும். அதன்மேல் நன்றாகக் குளிர்ந்த எத்தனாலை பீக்கரின் ஓரமாக வழியவிட்டால், இரண்டும் சந்திக்கிற இடத்தில் வெள்ளையாக ஒன்று திரளும். அங்கே கண்ணாடிக் குச்சியை விட்டு ஒரே பக்கமாகச் சுற்றினால் நூல் மாதிரி ஏறி வரும். ஏறி வரவேண்டும், எனக்கு முதல் இரண்டு வாரம் வரவில்லை. திரிந்த பால் மாதிரி திட்டுத் திட்டாகத்தான் வந்தது.

அங்கே சீனியர் அக்கா ஒருவர் இருந்தார். நான் பாட்டிலைக் குலுக்குவதை ஒரு நாள் பார்த்துவிட்டு, "இப்படிக் குலுக்கினா எல்லாம் அறுந்துபோகும்மா, தொட்டில் ஆட்டுற மாதிரி ஆட்டு" என்றார். பிப்பெட் முனையையும் கத்திரிக்கோலால் வெட்டி வாயை அகலமாக்கிக் கொடுத்தார், குறுகலான வாய் வழியாக உறிஞ்சினால் அதிலேயே அறுந்துவிடுமாம். அன்று சாயங்காலம் குச்சியில் நூல் ஏறியது. ஈரமாக, பளபளவென்று, குச்சியைத் தூக்கினால் கூடவே இழுபட்டு வந்தது.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. டி.என்.ஏ வரலாற்றில் எண்பது வருடம் நடந்த கதையும் பெரிய அளவுக்கு இதுதான், பொருளைச் சுத்தமாக, அறுக்காமல் எடுக்கக் கற்றுக்கொண்ட கதை.

1869-இல் ஜெர்மனியின் டியூபிங்கன் ஊரில், பழைய கோட்டைச் சமையலறையில் இயங்கிய ஆய்வகத்தில், ஃபிரெடரிக் மீஷர் என்ற இளைஞர் அறுவை சிகிச்சைப் பிரிவிலிருந்து வந்த சீழ் படிந்த கட்டுத்துணிகளை அலசி வெள்ளணுக்களைப் பிரித்தார். சாதாரண உப்புத் தண்ணீர் ஊற்றினால் எல்லாம் கூழாகிவிட்டது, சோடியம் சல்ஃபேட் கரைசலில்தான் அணுக்கள் முழுசாகத் தனியே வந்தன. அதன் உட்கருவிலிருந்து பாஸ்பரஸ் நிறைந்த ஒரு புதுப் பொருளை எடுத்து நியூக்ளின் என்று பெயர் வைத்தார். அவருடைய குரு ஹோப்பே-சைலர் நம்பவில்லை, தானே திரும்பச் செய்து பார்த்த பிறகுதான் 1871-இல் அச்சுக்கு அனுப்பினார்.

அடுத்து நியூயார்க்கில் ஃபீபஸ் லெவீன். டி.என்.ஏ-வில் இருக்கும் சர்க்கரை டிஆக்சிரைபோஸ் என்று 1929-இல் காட்டியது அவர்தான். ஆனால் அவர் காலத்துப் பிரித்தெடுப்பு முறைகள் மூலக்கூறைத் துண்டு துண்டாக்கிவிடும். கையில் கிடைத்தது துண்டு, அதைப் பார்த்து அடினைன், தைமின், குவானைன், சைட்டோசின் என்ற நான்கு காரங்களும் (டி.என்.ஏ-வின் எழுத்துகள் மாதிரி) சம அளவில் வரும் சின்ன மூலக்கூறு என்று முடிவு கட்டினார். அப்படிச் சலிப்பான ஒரு பொருளில் பரம்பரைத் தகவல் எப்படி இருக்கும் என்று பலரும் நினைத்தார்கள். 1944-இல் ஏவரி, மெக்லியோட், மெக்கார்ட்டி மூவரும் நிமோனியா பாக்டீரியாவில் குணத்தை மாற்றும் பொருள் டி.என்.ஏ-தான் என்று காட்டியபோதும் உடனே எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை.

எர்வின் சார்காஃப் ஏற்றுக்கொண்டார். ஏவரியின் கட்டுரையைப் படித்துவிட்டுத் தன் ஆய்வகத்தின் வேலையையே அந்தப் பக்கம் திருப்பினார். கன்றின் தைமஸ் (நெஞ்சுப் பகுதியில் இருக்கும் ஒரு சுரப்பி), மாட்டின் மண்ணீரல் என்று எடுத்து ஒவ்வொன்றிலும் காரங்களைத் தாள் வண்ணப்படிவுப் பிரிகையில் (பேப்பர் குரோமேட்டோகிராஃபி) பிரித்து அளந்தார். நான்கும் 25 சதவீதம் என்று வரவே இல்லை. ஆனால் அடினைன் எவ்வளவோ தைமின் கிட்டத்தட்ட அவ்வளவு, குவானைன் எவ்வளவோ சைட்டோசின் அவ்வளவு. சார்காஃபின் மண்ணீரல் பற்றிப் படித்த அன்று எனக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்லத் தெரியவில்லை.

இதற்கெல்லாம் நடுவில் ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ருடால்ஃப் சிக்னர் என்ற வேதியியலாளர். தைமஸிலிருந்து டி.என்.ஏ-வை மென்மையாக, நீளம் குறையாமல் எடுத்தவர். 1950-இல் லண்டனில் நடந்த ஒரு கூட்டத்துக்கு அதை எடுத்துவந்து, வேண்டும் என்றவர்களுக்குச் சும்மா கொடுத்தார். கிங்ஸ் கல்லூரியின் மாரிஸ் வில்கின்ஸும் வாங்கிக்கொண்டார். அந்தக் கூழில் கண்ணாடிக் குச்சியைத் தொட்டு எடுத்தால் சிலந்தி நூல் போல இழை வந்தது என்று அவரே பின்னால் சொன்னார். அந்த இழைகளைச் சேர்த்துக் கட்டி, மாணவர் ரேமண்ட் கோஸ்லிங் எக்ஸ்-ரே படம் எடுத்தார். கதிர் சிதறி விழும் புள்ளிகளை வைத்து மூலக்கூறின் வடிவத்தைக் கணிக்கிற படம் அது. 1938-இல் லீட்ஸில் ஆஸ்ட்பரியும் ஃபுளோரன்ஸ் பெல்லும் எடுத்த படங்களைவிட இது பல மடங்கு தெளிவு. 1951-இல் எக்ஸ்-ரே படம் எடுப்பதில் தேர்ந்த ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் கிங்ஸ் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். சிக்னரின் சரக்கு அவர் கைக்குப் போனது. காற்றின் ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தி, டி.என்.ஏ ஏ, பி என்று இரண்டு வடிவங்களில் இருப்பதைப் பிரித்துக் காட்டினார். 1952 மே மாதத்தில் கோஸ்லிங்கும் அவரும் எடுத்த 51-ஆம் எண் படம் பி வடிவத்தினுடையது.

இதைச் சொன்னதும் "அப்போ வாட்சனும் கிரிக்கும் ஒன்றுமே செய்யவில்லையா" என்று கேட்க யாராவது வருவார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. அடினைன் தைமினோடு, குவானைன் சைட்டோசினோடு ஜோடி சேர்ந்தால், முறுக்கிய ஏணி மாதிரி இருக்கும் டி.என்.ஏ-வின் படிகள் ஒரே அகலத்தில் அமையும் என்று பார்த்தது அவர்கள்தான், அது பெரிய விஷயம். ஆனால் அந்த 51-ஆம் எண் படத்தை 1953 ஜனவரியில் ஃபிராங்க்ளினுக்குத் தெரியாமல் வாட்சனுக்குக் காட்டினார்கள், ஃபிராங்க்ளினின் அளவுகள் இருந்த அறிக்கையும் வாட்சனும் கிரிக்கும் இருந்த கேம்பிரிட்ஜுக்குப் போனது, இதுவும் உண்மை. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். ஃபிராங்க்ளின் 1958-இல் 37 வயதில் இறந்துபோனார், 1962-இல் நோபல் பரிசு வாட்சன், கிரிக், வில்கின்ஸ் மூவருக்குப் போனது.

என் கதைக்கு வருகிறேன். மூன்று வருடத்தில் நான் எடுத்துக் கொடுத்த டி.என்.ஏ-வை வைத்து ஒரு கட்டுரை வந்தது. அதில் என் பெயர் இல்லை, நன்றி சொல்லும் இடத்தில்கூட இல்லை. அந்த அக்கா பெயரும் இல்லை. சம்பளம் வாங்கிக்கொண்டு செய்த வேலைக்குப் பெயர் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம், என் முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். சரி, 1953 ஏப்ரல் 25 நேச்சர் இதழில் வாட்சன், கிரிக் கட்டுரையோடு சேர்ந்து வந்த ஃபிராங்க்ளினின் கட்டுரையை எடுத்துப் பாருங்கள். பக்கத்திலேயே கோஸ்லிங் பெயர் இருக்கும். அவர் அப்போது பிஎச்.டி மாணவர்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். எங்கள் பெண்கள் விடுதிக் கதவை எட்டு மணிக்குப் பூட்டிவிடுவார்கள், ஆண்கள் விடுதிக்கு அப்படி நேரமே கிடையாது. எத்தனாலில் நூல் திரளும் நேரத்தில் குச்சியை வைத்துவிட்டு ஓடியிருக்கிறேன். மறுநாள் வந்து பார்த்தால் எல்லாம் கட்டியாக அடியில் கிடக்கும், மறுபடியும் கறிக்கடையிலிருந்து தொடங்க வேண்டும். ஏன் தாமதம் என்று கேட்டார்களே தவிர, கதவைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

தேர்வுக்கு என்றால் சார்காஃப் விதி, ஏவரி, ஃபிராங்க்ளின், வில்கின்ஸ் வரை படித்துக்கொள்ளுங்கள், போதும். சிக்னரை வினாத்தாளில் கேட்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. என்னிடம் டியூஷன் வரும் பிள்ளைகளுக்கு மட்டும் அவர் பெயரைக் கரும்பலகையில் எழுதிப் போடுகிறேன், பக்கத்தில் அந்த அக்காவின் பெயரையும்.